முந்தி கடல் நின்ற இடம்

மன்னார் மாவட்டம் முழுவதையும் சலித்துத் தேடினாலும், நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்துவிட்டு, ஐயாயிரம் வருடத்துக்கு முன் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் மழை பெய்ததா இல்லையா என்பதை மட்டும் அடித்துச் சொல்லக்கூடியவள் ஒருத்திதான் அகப்படுவாள். அவளோடு ஒரே அறையில் ஒன்றரை வருடம் குடியிருந்தவள் நான்.

அவளுடைய சொந்தப் பெயரை எழுதப் போவதில்லை. இப்போது ஒரு கம்பஸில் விரிவுரையாளராக இருக்கிறாள். மாணவர்கள் இதைப் படித்துவிட்டு வகுப்பில் சிரித்தால் வசவு எனக்குத்தான் வரும். நாங்கள் அவளை அழைத்த பெயர் முந்தி. வாயைத் திறந்தால் முதல் சொல் அதுதான். "முந்தி இஞ்ச முழுக்கக் கண்டல் காடு." "முந்தி இந்த ஆறு உப்பிடிப் போகேல்லை." பெயரை வைத்தவள் நான். வைத்த பிறகுதான் அதிலிருந்த நக்கல் எனக்கே விளங்கியது. முந்தி எந்த இடத்துக்கும் பிந்தித்தான் வருவாள்.

மன்னார் நகரத்தில் ஞானம் அன்ரியின் வீட்டில் இரண்டு அறைகளை வேலைக்குப் போகும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அன்ரி கணவனை இழந்தவர். மாதா கோயில் பூசை தவறாதவர். குசினியில் இருந்தபடியே தெருமுனையில் நடப்பதைக் கேட்கக்கூடிய காது அவருக்கு. நான் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஒரு கட்டிலில் குடியேறியிருந்தேன். மற்றக் கட்டிலுக்கு வவுனியாவிலிருந்து ஒரு பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வருவாள் என்றார்கள். அந்த ஞாயிறு வரவில்லை. அடுத்த ஞாயிறும் போய், அதற்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம் படலையில் ஓட்டோ வந்து நின்றது. முதலில் சாம்பல் நிறத்துப் பிளாஸ்டிக் குழாய்கள் ஒரு கட்டாக இறங்கின. அப்புறம் ஒரு சம்மட்டி. கடைசியாக, பெரிய தொப்பியும் அதற்குக் கீழே மெல்லிசாக ஒரு பெண்ணும்.

அன்ரி குழாய்களைப் பார்த்துவிட்டு, "பைப் வேலைக்கு நான் ஆள் கூப்பிடேல்லையே" என்றார்.

"நான்தான் அன்ரி, அறைக்கு வந்தனான்."

"நீர் போன கிழமைக்கு முதல் கிழமையெல்லோ வாறன் எண்டனீர்?"

"ஓம் அன்ரி. அவ்வளவு பிழைதானே வந்திருக்கு. எங்கட படிப்பில நூறு வருசம் முன்னப் பின்னப் போனாலும் ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

என் உடுப்புகளுக்கு நடுவில் அவளுடைய மண் பைகள் குடியேறுமுன், அன்றே நான் அலுமாரியில் என் பக்கத்துக்குப் பூட்டுப் போட்டிருக்க வேண்டும்.

அவள் படித்துக்கொண்டிருந்தது பட்டத்துக்கு மேற்பட்ட படிப்பு. பழைய காலத்தில் இந்த மண்ணில் காலநிலை எப்படி இருந்தது, கடல் எங்கே நின்றது, என்ன மரம் வளர்ந்தது என்று தேடுவது. அதற்கு ஆதாரம் சேறு. குளத்திலோ, தரவை என்கிற வெட்டவெளி உப்பு நிலத்திலோ குழாயை அடித்து இறக்கி, இழுத்து எடுத்தால், புட்டுக் குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் போல உள்ளே சேறு அடுக்கடுக்காக இருக்கும். மேலே இருப்பது நேற்றையது. கீழே போகப் போகப் பழசு. இதை அவள் எனக்கு விளக்கியது நான் புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. அதற்குப் பிறகு கனகாலம் எனக்குப் புட்டு இறங்கவில்லை.

அன்ரிக்கு இதெல்லாம் ஏறவில்லை. "பட்டம் எடுத்தாப் பிறகும் என்னத்துக்குப் படிக்கிறா? முதல் படிச்சது காணாதோ?" என்று என்னிடம் கேட்டார்.

மண்ணைப் பற்றி ஒரு சங்கதி உண்டு. களியா வண்டலா என்று தெரியவேண்டுமென்றால், ஒரு துணிக்கை எடுத்து முன்பல்லால் கடித்துப் பார்ப்பார்களாம். நறநறத்தால் வண்டல். வழுவழுவென்று போனால் களி. உலகம் முழுக்க அந்தத் துறைக்காரர் செய்வதுதான் என்று முந்தி சத்தியம் பண்ணினாள். ஆனால் உலகம் முழுக்க உள்ளவர்கள் ஞானம் அன்ரியின் கிணற்றடியில் இருந்து அதைச் செய்யவில்லை. முதல் நாள் அன்ரி கண்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ஒரு பூச்சிக் குளிசையும் ஒரு கிளாஸ் தண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். முந்தி ஏன் என்று கேட்காமல் "தாங்ஸ் அன்ரி" என்று விழுங்கினாள். அடுத்த கிழமையும் மண் கடிப்பது நிற்காததால், அன்ரி என்னைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, மறைக்காமச் சொல்லும். அவவுக்கு எத்தினை மாசம்?"

நான் விளங்கப்படுத்தி முடிப்பதற்குள், அன்ரி அவளுக்காக நேர்த்தி வைத்து ஒரு மெழுகுதிரி ஏற்றிவிட்டார்.

கொஞ்ச நாளில் அன்ரி அவளைக் காலநிலைக்காரி என்ற அளவில் ஏற்றுக்கொண்டார். ஒரு காலை முற்றத்தில் செத்தல் மிளகாயைப் பரப்பிவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, இண்டைக்கு மழை வருமோ?"

முந்தி வானத்தைக் கவனமாகப் பார்த்தாள். "இண்டையான் மழையைப் பற்றி எனக்குத் தெரியாது அன்ரி. ஆனா முந்தி, ஒரு நாலாயிரம் வருசத்துக்கு முந்தி, இந்தப் பக்கம் பெரிய வறட்சி."

அன்ரி காதில் விழுந்தது வறட்சி மட்டும். நிம்மதியாகக் கோயிலுக்குப் போனார். அவர் செபமாலை சொல்லி முடிக்குமுன் மழை கொட்டியது. அன்று இரண்டு நேரச் சாப்பாட்டிலும் உறைப்பே இல்லை.

வீட்டிலிருந்து அவளுடைய அம்மா கலியாணப் பேச்சோடு தொலைபேசி எடுப்பார். ஒருமுறை மாப்பிள்ளைக்கு வயது கொஞ்சம் கூட, முப்பத்தெட்டு, உனக்குப் பரவாயில்லையா என்று கேட்டார். "முப்பத்தெட்டு எங்களுக்கு இண்டைக்குக் காலமை மாதிரி அம்மா" என்றாள் இவள். அம்மா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு சாதகம் வரை போய்விட்டார். அந்தக் கலியாணத்தை நிறுத்த நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

இதெல்லாம் வீட்டுக்குள் நடந்தவை. ஊரையே கலக்கியது பிறகு.

அரிப்பு என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு கரையோரக் கிராமம். பெயரைச் சொன்னால் இன்றைக்கும் என்னோடு சண்டைக்கு வருவார்கள், ஆகவே சொல்லவில்லை. கடலைப் பார்த்தபடி கோயில், கோயிலுக்குப் பின்னால் ஊர், ஊருக்குப் பின்னால் உப்புப் பூத்த தரவை. அந்தத் தரவையில்தான் தன் ஆராய்ச்சிக்கு வேண்டிய சேறு இருக்கிறது என்று முந்தி கண்டுபிடித்தாள். மாரி தொடங்கினால் தரவை முழுக்கத் தண்ணீர். பேராசிரியரோ, இந்த மாரிக்கு முதல் சேறு வராவிட்டால் வேறு தலைப்புப் பார் என்று சொல்லிவிட்டார். ஒரு சனிக்கிழமை அவ்வூர் மீனவர் மரியதாஸ் அண்ணையைத் துணைக்குப் பிடித்துக் குழாயை நட்டு அடித்தாள். எதுவரை இறக்கவேண்டும் என்று தெரிவதற்காகக் குழாயில் சிவப்பு ஒட்டு நாடா சுற்றியிருந்தாள். பாதி இறங்கியபோது சம்மட்டிப் பிடி முறிந்தது. குழாய் அசையவில்லை, மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, பஸ் வரும் வரைக்கும் தேத்தண்ணிக் கடையில் இருந்தாள். இருந்தவள் சும்மா இருந்திருக்கலாம்.

வெள்ளம், புயல் என்றால் சனம் முதலில் அழைப்பது எங்கள் கந்தோரைத்தான். திங்கட்கிழமை காலை அங்கே தொலைபேசி அடித்தது. அதற்குப் பக்கத்துக் கதிரை என்னுடையது.

"தங்கச்சி, கடல் எத்தினை மணிக்கு வருது?"

கொழும்பு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார் அந்த மனிதர்.

"எந்தக் கடல் ஐயா?"

"எங்கட கடல்தான்."

வைத்த கையோடு அடுத்த அழைப்பு. இது ஒரு பெண். "தரவையில குழாய் நட்டு, தண்ணி எது மட்டும் வரும் எண்டு சிவப்பில அடையாளம் வைச்சிருக்கினம். கம்பஸில இருந்து ஒரு பிள்ளை வந்து அளந்ததாம்."

நான் கையிலிருந்த பேனையை வைத்துவிட்டுக் கேட்டேன். "அந்தப் பிள்ளை எப்பிடி இருந்தவ?"

"மெல்லிசு. பெரிய தொப்பி. மண் தின்னுறவவாம்."

மன்னாரில் அப்படி இரண்டு பேர் இல்லை. வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நீர் சனிக்கிழமை தேத்தண்ணிக் கடையில என்ன கதைச்சனீர்?"

"ஒண்டும் கதைக்கேல்லை. முந்தி கடல் கோயிலுக்கு அங்கால, ஊருக்குள்ள நிண்டது எண்டு மட்டும் சொன்னனான்."

பிறகு விசாரித்ததில் அந்த வசனம் போன பாதை தெரிந்தது. தேத்தண்ணிக் கடையில் 'முந்தி கடல் ஊருக்குள்ள நிண்டது.' மீன் ஏலம் கூறுகிற இடத்துக்குப் போனபோது 'கடல் ஊருக்குள்ள நிக்கும்.' ஞாயிறு பூசை முடிந்து சனம் கலைந்தபோது 'கடல் ஊருக்குள்ள வருதாம்.' பின்னேரம் 'திங்கட்கிழமை' என்று நாளும் சேர்ந்துகொண்டது. வழியில் விழுந்து தொலைந்தது ஒரே ஒரு சொல்தான். அவள் பெயர்.

இதை வாசித்துச் சிரிக்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்த ஊர்ச் சனம் வெளிக்கிட்டுவிட்டார்கள். படகு எஞ்சின்களை உழவு இயந்திரத்தில் ஏற்றினார்கள். ஆடு, கோழி, தையல் மெசின், பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் எல்லாம் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போயின. சுனாமி இந்தக் கரையை அவ்வளவாகத் தொடவில்லைதான். ஆனால் முல்லைத்தீவில் சொந்தத்தைப் பறிகொடுத்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. அதோடு, மூட்டை கட்டுவதில் எங்கள் சனத்துக்குப் பயிற்சி அதிகம். இது பொய்க்கதை என்று நம்பி வீட்டில் இருந்து, அதனால் நன்மை கண்டதாக அவர்களுக்கு ஞாபகம் இல்லை.

ஆபத்து ஒன்றும் இல்லை என்று அதிகாரிகள் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். "உப்பிடித்தான் சொல்லுவினம்" என்று மிச்சமிருந்தவர்களும் கிளம்பினார்கள்.

செவ்வாய், புதன் போயும் கடல் தன் இடத்திலேயே கிடந்தது. சனம் திரும்பி வந்தது. வந்த பிறகு பயம் கோபமாகியது. அந்தப் பிள்ளை இனித் தரவையில் கால் வைக்கக் கூடாது, குழாயிலும் கை வைக்கக் கூடாது என்று ஊர் முடிவெடுத்தது. பங்குத் தந்தை, ஊருக்குப் பாதர், நல்ல மனிதர். ஞாயிறு பூசைக்குப் பிறகு வந்து ஊருக்கு முன்னால் விளக்கம் சொல்லட்டும் என்று ஆள் அனுப்பினார்.

முந்தி அந்தக் கிழமை முழுக்கச் சாப்பிடவில்லை. படுக்கையில் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடந்தாள். "அதுகள் பிள்ளையளையும் தூக்கிக்கொண்டு ஓடியிருக்குதுகள்" என்று ஒரு தடவை சொன்னாள். குழாயைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிறன்று நானும் கூடப் போனேன். வழக்கறிஞர்போல ஞானம் அன்ரியும் குடையோடு கிளம்பினார். பஸ்ஸில் முழு வழியும் அவளுக்குப் பாடம் நடந்தது.

"வாயைத் திறந்தா முதல் சொல்லு 'மன்னிச்சுக் கொள்ளுங்கோ.' விளங்குதோ? மற்றச் சொல்லில தொடங்கினீர் எண்டா, கோயில் எண்டும் பாக்கமாட்டன், உந்தக் குடைதான்."

பஸ் வழியில் பழுதாகி நாங்கள் போய்ச்சேர்ந்தபோது சனம் வெயிலில் காய்ந்து இன்னும் சூடாகியிருந்தது. கோயில் முன் விறாந்தையில் பாதர் அவளை நிறுத்தினார். அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தாள்.

"எல்லாரும் என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றாள். ஊர் அமைதியானது. அன்ரி பெருமையோடு என்னைப் பார்த்தார். "முந்தி…" என்றாள் அவள்.

குடை நிலத்தில் டக்கென்று தட்டியது. பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் அரைவாசிக் கோபம் இறங்கியது.

பாதர் அதைப் பிடித்துக்கொண்டார். "கடல் வராது எண்டு நீரே உம்மட வாயால சொல்லிவிடும் பிள்ளை. எல்லாரும் வீட்டை போகட்டும்."

ஒரே ஒரு சொல். சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. தொப்பியின் விளிம்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

அப்போது முன்னால் இருந்த ஒரு பெண் எழும்பினார். செபமாலை அக்கா என்று பிறகு அறிந்தேன். கருவாடு போடுகிறவர். இரண்டு ஆட்டையும் சின்னப் பேத்தியையும் இழுத்துக்கொண்டு, கடலுக்குத் தூரமான முருங்கனுக்கு ஓடிவிட்டு வந்தவர்.

"பிள்ளை, சுத்தி வளைக்காதை. கடல் வருமோ வராதோ?"

"வரும் அக்கா. ஆனா மெல்ல."

சனம் குமுறியது. பாதர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இண்டைக்கோ?" என்றார் அக்கா.

"இல்லை அக்கா."

"அடுத்த வருசமோ?"

"இல்லை."

அக்கா பக்கத்தில் நின்ற பேத்தியின் தலையில் கையை வைத்தார். "இவளின்ர காலத்திலயோ?"

முந்தி அந்தப் பேத்தியைப் பார்த்தாள். பிறகு சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. "அது எனக்குத் தெரியாது அக்கா. அதைப் பாக்கத்தான் அந்தக் குழாயை இறக்கினனான். முந்தி கடல் இந்த ஊருக்குள்ள வந்தது, திரும்பிப் போனது. எவ்வளவு கெதியா வந்தது எண்டு அந்தச் சேத்துக்குள்ள இருக்கு. அது தெரிஞ்சா இனி வாறதைக் கொஞ்சமாவது சொல்லலாம். தெரியாம வராது எண்டு சொல்ல எனக்கு ஏலாது."

கரையில் படகுக் கயிறு உரசுகிற சத்தம் கேட்டது.

"அப்ப அதைப் பாதியில விட்டிட்டு இஞ்ச என்னத்துக்கு நிக்கிறாய்?" என்றார் செபமாலை அக்கா. பிறகு ஆண்கள் பக்கம் திரும்பினார். "நீங்களும் என்னத்துக்கு நிக்கிறியள்?"

பூசைக்கு உடுத்த வெள்ளைச் சேட்டுகளோடேயே தரவைக்குப் போனார்கள். மரியதாஸ் அண்ணை புதுச் சம்மட்டியோடு வந்தார். சிவப்பு நாடா மண்ணைத் தொடும் வரைக்கும் அடித்தார்கள். இழுப்பதுதான் பாடு. குழாயில் கயிறு கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, கரைவலை இழுப்பதுபோல அம்பாப் பாட்டுப் பாடி இழுத்தார்கள். குழாய் நகரவில்லை. பாதர் அங்கியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு தானும் ஒரு பிடி பிடித்தார். ஞானம் அன்ரி குடையை மடக்கிவிட்டு எனக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்து, என்னை விடச் சத்தமாக ஏலேலோ போட்டார். திடீரென்று சேறு 'பக்'கென்று ஒரு சத்தம் விட்டது. குழாய் வெளியே. ஊர் முழுவதும் மல்லாக்காகச் சேற்றில். அதில் முதலில் எழும்பியவள் முந்திதான். யாருக்கு அடிபட்டது என்று பார்க்காமல், குழாயைக் குழந்தைபோலக் கட்டிப் பிடித்தாள்.

கோயில் விறாந்தையில் வைத்துக் குழாயை நீளவாக்கில் வெட்டித் திறந்தாள். மேலே மண்ணிறம், கீழே சாம்பல், இன்னும் கீழே கறுப்பு. கறுப்புக்கு மேலே வெள்ளையாக ஒரு அடுக்கு. அது முழுக்கச் சிப்பி. ஊருக்குப் பின்னால், உப்பைத் தவிர ஒன்றும் இல்லாத தரவையின் அடியில், கடற்சிப்பி. ஏச வந்தவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

செபமாலை அக்கா அதில் ஒன்றை எடுக்கக் கையை நீட்டினார். முந்தி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது வேணும் அக்கா. அதுக்குத்தான் வயசு பாக்கிறது."

"வயசு பாத்து ஆருக்குக் கட்டிக் குடுக்கப் போறாய்?"

பாதர்தான் முதலில் சிரித்தார்.

இது இத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்திருந்தேன். சேறு கொழும்புக்குப் போனது. சிப்பிகள் வெளிநாட்டுக்கு ஏதோ ஆய்வுகூடத்துக்குப் போயின. முந்தி தன் மேசையில் குனிந்தவள் கனமாதம் நிமிரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, ஆய்வின் முடிவு கைக்கு வந்தது. பேராசிரியருக்கு அனுப்பவில்லை. அடுத்த நாள் காலை என்னை எழுப்பி, வாரும் போவம் என்றாள்.

செபமாலை அக்கா முற்றத்தில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். முந்தி பக்கத்தில் குந்திக்கொண்டு சொன்னாள். முந்தி கடல் மெல்லத்தான் வந்தது, ஆட்கள் இருந்திருந்தால் தலைமுறை தலைமுறையாக விலகிப் போகக்கூடிய மாதிரி. இப்போது உலகம் சூடாகிற வேகத்தைப் பார்த்தால், அவ்வளவு மெல்ல வரும் என்று தன்னால் சொல்ல முடியவில்லை. பேத்தியின் காலத்தில் கிணறு உப்பாகலாம். தரவையில் தண்ணீர் இப்போதையைவிடக் கூட நாள் நிற்கலாம். சொல்லும்போது அவள் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா ஒரு வரிசைக் கருவாட்டைப் புரட்டி முடித்தார்.

"அப்ப அவளுக்கு வீடு கட்டேக்க அத்திவாரத்தை உயத்துவம்" என்றார். "வந்து சொன்னியே, அது காணும். கேட்டா எல்லாரும் பாப்பம் பாப்பம் எண்டுதான் சொல்லுறவை. எழும்பு, சாப்பிடுவம்."

வெள்ளைச் சோறும், பாரை மீன் குழம்பும், முருங்கையிலைச் சுண்டலும். கனமாதத்துக்குப் பிறகு முந்தி வயிறு முட்டச் சாப்பிட்டதை அன்றுதான் பார்த்தேன். அக்கா கேட்காமலேயே மூன்றாம் தரம் சோறு போட்டார்.

திரும்பி வந்த பஸ் மன்னார் தாண்டிப் பேசாலை வரைக்கும் போவது. ஏறி உட்கார்ந்த உடனேயே அவள் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. தொப்பி மடியிலிருந்து நழுவியதை எடுத்து வைத்துக்கொண்டேன். மன்னார்த் தீவுக்குள் போகும் பெரிய பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல் பின்னேர வெயிலில் பளபளத்தது. மன்னார் பஸ் நிலையத்தில் சனம் இறங்கி, புதுச் சனம் ஏறி, கொண்டக்டர் எங்களைப் பார்த்து இறங்கவில்லையா என்று கண்ணால் கேட்டார். நான் அவளை எழுப்பாமல் பேசாலைக்கு இரண்டு ரிக்கெட் எடுத்தேன்.